நீர்மூழ்கிக் கப்பல்காரர்

பதுளையிலிருந்து நமுனுகுல போகும் பஸ்ஸில்தான் அவரை முதன்முதலில் பார்த்தேன். கண்டக்டர் டிக்கட் எழுத வந்து, "எங்க எறங்குறீங்க ஐயா?" என்று கேட்டார்.

"முன்னுக்கு."

"முன்னுக்குன்னா எங்க?"

"எறங்குறப்போ தெரியும்தானே."

கண்டக்டர் பேனாவைப் பிடித்தபடி நின்றார். பின் சீட்டில் இருந்த, தேயிலைக் கொழுந்து எடுக்கும் பெண்ணொருத்தி, "அவரு ஸ்டோர் வளைவுல எறங்குவாரு, எழுதுங்க தம்பி" என்றாள். பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பெரிய சங்கதி ஒன்று அனுமதியில்லாமல் வெளியே போய்விட்டதுபோல முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஸ்டோர் என்றால் தேயிலைத் தொழிற்சாலை. அதற்கு மேல்பக்க வளைவில் அவர் வீடு. அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு நான் கணக்கு டீச்சராகப் போன புதிது அது. தோட்டத்தின் பெயர் வேண்டாம். ஸ்பிரிங்வெளியைத் தாண்டிப் போக வேண்டும், அவ்வளவு போதும். மூன்று வருடம் அங்கே இருந்தேன். அந்த மூன்று வருடமும் அவரைச் சகித்துக்கொண்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளில் இருக்கும் சனங்கள் அவரைக் கப்பல்காரர் என்பார்கள். அவருடைய அப்பா துரை பங்களாவில் சமையல்காரர். தோட்டங்களை அரசாங்கம் எடுத்த காலத்தில் ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரை, சமையல்காரரின் மகனையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அங்கே தொழிற்கல்லூரியில் படம் வரையப் படித்து, அந்த நாட்டுப் பிரஜையாகி, கடைசியில் ஒரு கப்பல் கட்டும் தளத்தில் வேலைக்குச் சேர்ந்தார். சாதாரணக் கப்பல் இல்லை. அணுசக்தியில் ஓடுகிற, அணுகுண்டு ஏவுகணைகளைச் சுமக்கிற நீர்மூழ்கிக் கப்பல். முப்பது வருடம் அந்த வேலை பார்த்து, பென்சன் எடுத்து, மனைவி இறந்த பிறகு, பிறந்த மலைக்கே திரும்பி வந்து வீடு கட்டியிருந்தார்.

கேட்கிறவர்களுக்கு வாய் பிளக்கும். அதுதான் அவருக்கும் வேண்டும். ஆனால் அடுத்த கேள்விக்குப் பதில் வராது.

"எவ்வளவு ஆழத்துக்குப் போகும் சார்?"

"அதைச் சொல்ல முடியாது."

"எத்தனை குண்டு வைக்கலாம்?"

"கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன். சொல்ல முடியாது."

சரி, அது அரசாங்க ரகசியம். ஆனால் அவருக்கு என்ன வயது என்று கேட்டாலும் இதே பதில்தான். பதுளை ஆஸ்பத்திரிக்கு எதற்குப் போய்வந்தார் என்பது ரகசியம். கடையில் என்ன வாங்கினார் என்பது ரகசியம். உமல் பையைத் தன் உடம்போடு அணைத்துக்கொண்டு நடப்பார், உள்ளே இருப்பது பூசணிக்காய் என்பது தூரத்திலிருந்தே தெரியும். ஒருமுறை அவர் வீட்டு வாசலில் நின்று, "உங்க நாய்க்கு என்ன பேரு?" என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "கூப்பிட்டா வரும்" என்றார்.

அவர் உண்மையில் என்ன வேலை பார்த்தார் என்பதை அவருடைய தங்கை செல்லம்மாதான் எனக்குச் சொன்னாள். அவள் மூன்றாம் லயத்தில், பிறந்த அதே ஒற்றையறைக் காம்பராவில் இருந்தாள். கொழுந்து எடுத்தே ஓய்ந்தவள். "அண்ணன் பைப்பு படம் வரையுற வேலதான் பாத்துச்சு டீச்சர். கடல் தண்ணி உள்ள வந்து மிசின ஆத்திட்டு வெளிய போகுமாம். அந்தப் பைப்பு எங்கிட்டு வளையணும்னு வரையணுமாம்."

முப்பது வருடமும் குழாய். அதில் கேவலம் ஒன்றும் இல்லை. ஆழத்தில் ஒரு குழாய் வெடித்தால் கப்பலே போய்விடும் என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் அதை அவர் தன் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. ஏவுகணையைத் தன் மடியில் வைத்துத் தாலாட்டியவர்போலத்தான் தோட்டத்தில் நடமாடினார்.

வேலையிலிருந்து அவர் கொண்டுவந்த இன்னொன்று, சத்தத்தின் மீதான வெறுப்பு. அந்தக் கப்பலின் உயிரே சத்தம் போடாமல் இருப்பதில்தானாம். இயந்திரங்களைக் கப்பலின் உடம்போடு நேராகப் பூட்ட மாட்டார்களாம். ஒரு பெரிய மேடையில் ஏற்றி, மேடையை ரப்பர் மீது உட்காரவைப்பார்களாம். குழாய்க்கும் இடையிடையே ரப்பர். இல்லையென்றால் குழாய் வழியாகச் சத்தம் கடலுக்குப் போய், எதிரிக்குக் கேட்டுவிடும். இதை மட்டும் சொல்லுவார். அதனால் அவர் வீட்டில் பிரிட்ஜுக்கு அடியில் ரப்பர், நாற்காலிக் கால்களில் ரப்பர், கதவு நிலையில் ரப்பர். அதோடு விட்டாரா? மாரியம்மன் திருவிழாவுக்கு முன்னால் கோயில் கமிட்டியிடம் போய், தப்பைக் கொஞ்சம் மெதுவாக அடிக்கச் சொன்னார். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஆத்தாவுக்குக் கேக்கணும்ல ஐயா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

நான் செய்த முதல் பிழை, அவரைப் பள்ளிக்கூடத்துக்குப் பேச அழைத்தது. மலையில் பிறந்த ஒருவர் இவ்வளவு தூரம் போயிருக்கிறாரே, பிள்ளைகள் கேட்கட்டும் என்று நினைத்தேன். டை கட்டிக்கொண்டு வந்தார். நன்றாகவே பேசினார், அதையும் சொல்ல வேண்டும். இரும்பு வளையங்களை ஒவ்வொன்றாகச் செய்து, ஒன்றோடொன்று ஒட்டி, ஒட்டிய இடத்தையெல்லாம் ஆஸ்பத்திரியில் எடுப்பதுபோல எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்களாம். மயிரிழை வெடிப்பு தெரிந்தாலும் வெட்டி எறிந்துவிட்டுத் திரும்பச் செய்வார்களாம். உள்ளே போகும் ஆணி, பெயின்ட் வாளி எல்லாவற்றையும் எடைபோட்ட பிறகுதான் ஏற்றுவார்களாம். ஒரு கப்பலைக் கட்டிமுடிப்பதற்குள் பிறந்த பிள்ளை பள்ளிக்கூடம் போய்விடுமாம். கட்டியபின் அது மூன்று மாதம் மேலே வராமல் கடலுக்கடியிலேயே இருக்குமாம்.

எட்டாம் வகுப்புப் பிள்ளையொருத்தி எழுந்து, "அத எதுக்கு சார் பாவிக்கிறது?" என்று கேட்டாள்.

"பாவிக்கிறதுக்கு இல்ல. பாவிக்காம இருக்கிறதுக்குத்தான் கட்டுறது."

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அவர் முகம் சிவந்தது. இது விளையாட்டு இல்லை என்று காட்டவோ என்னவோ, கப்பலுக்குள் இருக்கும் ஆட்களைப் பற்றிச் சொன்னார். வீட்டிலிருந்து வாரத்துக்கு ஒரு சின்னச் செய்தி போகலாம். அவர்கள் பதில் அனுப்ப முடியாது. வீட்டில் யாராவது செத்துப்போனால் அந்தச் செய்தியை ஆளிடம் சொல்ல மாட்டார்கள். கப்பல் திரும்பி வந்த பிறகுதான் சொல்வார்கள்.

"அம்மா செத்தாலுமா சார்?"

"அம்மா செத்தாலும். சொன்னா மனசு கொழம்பும். வேல கெட்டுப்போகும். தெரியாம இருக்கிறதுதான் அந்த ஆளுக்கு நல்லது."

கேட்ட பிள்ளை உட்கார்ந்துவிட்டது. இவ்வளவு நல்ல ஏற்பாட்டை இவர்கள் பாராட்டவில்லையே என்பதுபோல நின்றார். அவருடைய அம்மா இறந்தபோது தந்தி போயும் அவர் வரவில்லை என்று செல்லம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. அவர் ஒன்றும் கடலுக்கடியில் இருக்கவில்லை. மேசையில் உட்கார்ந்து குழாய் வரைந்துகொண்டிருந்தார்.

இரண்டாவது பிழையையும் நான்தான் செய்தேன். இதற்கு எனக்கு மன்னிப்புக் கிடையாது.

மூன்றாவது வருடம், ஐப்பசி மழை விடாமல் பெய்தது. மூன்றாம் லயத்துக்குப் பின்னால் மேட்டில் தேயிலைக்குள்ளே நிலம் வாய் திறந்ததுபோல ஒரு வெடிப்பு. ஒரு சாண் அகலம், லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும். மேட்டு ஊற்றிலிருந்து பீலிக் குழாயில் வருகிற தண்ணீர் தேநீர் நிறத்தில் வந்தது. தலைவர் தோட்ட ஆபீஸில் சொல்லி, அவர்கள் மேலே அறிவித்தார்கள். மண்ணைப் பார்க்கிற அதிகாரிகள் வருவார்கள் என்றார்கள். அதற்குள் யாராவது விஷயம் தெரிந்தவர் பார்த்தால் நல்லது என்று தலைவர் என்னிடம் சொன்னார்.

"நம்ம கப்பல்காரர் இருக்காரே" என்றேன். வெடிப்பைப் பற்றி அவ்வளவு பேசிய மனிதர். எனக்கு வேறு பெயர் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். மழைக்கோட்டும் தடியும் சின்ன நோட்டுமாக மேட்டில் ஏறினார். வெடிப்பின் இரண்டு கரையிலும் முளை அடித்து, முளைக்கு முளை கயிறு கட்டி, டேப்பால் அளந்து எழுதிக்கொண்டார். எட்டு இடத்தில் அப்படிச் செய்தார். மழையில் இரண்டு மணி நேரம், ஒரு முளையைக்கூடச் சரியில்லாமல் அடிக்கவில்லை. அன்றைக்கு அவர்மேல் எனக்கு மரியாதையே வந்தது.

"என்ன சார் சொல்றீங்க?" என்று தலைவர் கேட்டார்.

"ஒரு தடவ அளந்து ஒண்ணும் சொல்ல முடியாது. தினமும் பாக்கணும்."

அது நியாயமான பதில். தினமும் வந்தார். திங்கள், செவ்வாய், புதன், காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. லயத்து வாசலில் நின்றவர்கள் ஆவலோடு அவர் முகத்தைப் பார்த்தார்கள். "எப்படி ஐயா இருக்கு?" என்று கேட்டார்கள். "பாத்துக்கிட்டு இருக்கேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார். அவ்வளவு படித்தவர் அமைதியாக நடக்கிறார், அப்படியென்றால் பயமில்லை என்று சனங்கள் நினைத்துக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வியாழக்கிழமை காலை இடைவேளையில் பள்ளிக்கூட வாசலில் நின்றபோது, செல்லம்மா மேலே போகிற பாதையில் வந்தாள். தலையில் ஒரு மூட்டை. பின்னால் அவளுடைய மருமகள் அரிசி வாளியையும் சாமிப் படத்தையும் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"எங்க செல்லம்மாக்கா?"

"அண்ணனுக்கு ஒடம்புக்கு முடியலயாம் டீச்சர். கொஞ்ச நாளைக்கு வந்து இருன்னுச்சு. சாமானையும் எடுத்துக்கிட்டு வான்னுச்சு."

உடம்புக்கு முடியாதவரை அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் பார்த்திருந்தேன். தடியை வீசிக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கி வந்தார். வகுப்பைப் பக்கத்து டீச்சரிடம் ஒப்படைத்துவிட்டு, செல்லம்மாவுக்கு முன்னால் அவர் வீட்டுக்கு ஏறினேன்.

மேசையில் நோட்டு திறந்திருந்தது. நான் அதைக் கையில் எடுத்தபோது தடுக்க வந்தார், அதற்குள் பார்த்துவிட்டேன். கணக்கு டீச்சருக்கு அந்தப் பக்கத்தைப் படிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எட்டு இடம், ஒரு நாளைக்கு இரண்டு அளவு. ஒவ்வொரு அளவும் முந்தினதைவிடக் கூட. கூடிய அளவும் கூடிக்கொண்டே போனது. கடைசி அளவில் வெடிப்பு இரண்டு மடங்காகியிருந்தது.

"இது எறங்கப்போகுது" என்றேன்.

"ஆமா."

"ஏன் சொல்லல?"

"சொல்லவேண்டிய எடத்துக்குச் சொல்லியிருக்கேன். முழு ரிப்போர்ட் எழுதி, நேத்து பதுளைக்குப் போய்க் கொழும்புக்குப் பதிவுத் தபால் போட்டேன்." சட்டைப் பையிலிருந்து தபால் ரசீதை எடுத்துக் காட்டினார்.

"சார், தலைவர் வீடு இந்தா இருக்கு. கையில போன் இருக்கு."

"போன்ல சொல்ற விசயமா இது? நாங்க வேல செஞ்ச எடத்துல ஒரு வெடிப்பக் கண்டா மேல இருக்கிறவருக்கு எழுத்துல குடுக்கணும். பக்கத்துல வேல செய்யுறவன்கிட்ட சொல்லக்கூடாது. சொன்னா எல்லாரும் பதறுவாங்க. நூறு பேரு நூறு பக்கம் ஓடுவாங்க."

"ஒங்க தங்கச்சிகிட்ட மட்டும் சொல்லலாமா?"

"அவகிட்டயும் நான் காரணம் சொல்லல டீச்சர்." இதை அவர் தன் பக்க நியாயமாகத்தான் சொன்னார். தங்கைக்கும்கூடப் பொய்தான் சொல்லியிருக்கிறார். ஆகவே சட்டம் மீறப்படவில்லை.

திரும்பியபோது வாசலில் செல்லம்மா நின்றாள். எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை. மூட்டையை அங்கேயே போட்டுவிட்டு எனக்கு முன்னால் பாதையில் இறங்கி ஓடினாள். அறுபது வயதுப் பெண் அந்தச் சரிவில் அப்படி ஓடியதை இன்றைக்கும் என்னால் நம்ப முடியவில்லை.

பள்ளிக்கூட மணியை விடாமல் அடிக்கச் சொன்னேன். தலைவர் ஆட்களோடு வந்தார். ஒவ்வொரு காம்பராவாகத் தட்டினோம். கிழவர்கள், கைப்பிள்ளைக்காரிகள், காய்ச்சல்காரர்கள் என்று எல்லோரையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினோம். செல்லம்மா நடக்க முடியாத ஒரு கிழவியை முதுகில் சுமந்துகொண்டு போனாள். கதவு பூட்டியிருந்த காம்பராக்களை விட்டுவிட்டோம். ஆட்கள் மலையில் கொழுந்து எடுக்கப் போயிருப்பார்கள் என்பது எங்கள் கணக்கு. செல்லம்மாவின் காம்பராவுக்கு அடுத்த கதவில் தொங்கிய பூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்தது நான்தான்.

கொழுந்துக்காரப் பெண்கள் மணிச்சத்தம் கேட்டு மலையிலிருந்து இறங்கி வந்தார்கள். செல்லம்மாவுக்கு அடுத்த காம்பரா லெட்சுமியும் வந்து கூட்டத்துக்குள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்தாள்.

"டீச்சர், அவர எழுப்புனீங்கதானே?"

அவள் கணவர் மாரிமுத்து ஸ்டோரில் இரவு வேலை. பகலில் தூங்குவார். பிள்ளைகள் போய் எழுப்பிவிடாமல் இருக்க அவள் வெளியே பூட்டிவிட்டுப் போவாள். அவள் கேட்டு முடிக்கவில்லை. தலைவரும் இரண்டு பேரும் லயத்தைப் பார்த்து ஓடத் தொடங்கியிருந்தார்கள். அவர்கள் பீலியைத் தாண்டுவதற்குள் மேடு இறங்கியது. பெரிய சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது. தேயிலைச் செடிகள் நின்றபடியே கீழே வந்தன. லயத்தின் தகரக் கூரை மடிந்தது. பிறகு மண் மட்டும் இருந்தது.

இருபத்திரண்டு காம்பரா. ஒரே ஒரு மனிதர்.

அதிகாரிகள் மறுநாள் வந்தார்கள். அவருடைய கடிதம் அப்போது எந்தத் தபால் பையில் கிடந்ததோ தெரியாது. செல்லம்மா அதன்பிறகு அவர் வீட்டுப் படியை மிதிக்கவில்லை. எல்லோரோடும் பள்ளிக்கூடத்தில் பாயில் படுத்தாள். பிறகு எல்லோரோடும் தகரக் கொட்டகையில் இருந்தாள். சாமிப் படத்தை மருமகளை அனுப்பி எடுத்துக்கொண்டாள். அவர் தை மாதம் வீட்டை விற்றுவிட்டு வெளிநாட்டுக்கே போய்விட்டார். எந்த ஊருக்கு என்று யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

ஆனால் போவதற்கு முன்னால் ஒருமுறை பள்ளிக்கூடத்துக்கு வந்தார். மாரிமுத்துவை எடுத்து அடக்கம் செய்த மறுநாள். அதிகாரிகள் மூன்றாம் வகுப்பறையில் மேசை போட்டு ஒவ்வொருவரிடமும் விசாரித்து எழுதிக்கொண்டிருந்தார்கள். சுற்றிலும் சனங்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் ஸ்திரி போட்ட சட்டையோடு வந்து தன் நோட்டை மேசையில் வைத்தார். அதிகாரி ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். "மிக நன்றாக எடுத்திருக்கிறீர்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். கப்பல்காரர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. சத்தியமாக வந்தது, நான் பக்கத்தில்தான் நின்றேன். "என் கணக்கு சரியாத்தான் இருந்துச்சு" என்று என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்.

சுவரோரமாக உட்கார்ந்திருந்த லெட்சுமி எழுந்து வந்தாள். அவள் அழவில்லை. சத்தம் போடவும் இல்லை.

"ஐயா, அது எறங்கும்னு ஒங்களுக்கு என்னைக்குத் தெரியும்?"

அவர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"திங்கக்கெழம" என்றார். "திங்கக்கெழம சாயந்தரம் அளந்தப்போ."

லெட்சுமி மேசையிலிருந்த நோட்டைப் பார்த்தாள்.

"திங்கக்கெழம பௌர்ணமி போயா, ஐயா. ஸ்டோர் லீவு. அவரு நாள் பூரா முழிச்சு வாசல்லதான் உக்காந்திருந்தாரு. நீங்க அளந்துட்டு எறங்கி வர்றப்போ எந்திரிச்சு நின்னு, ஒங்களுக்கு வழி விட்டாரு."